ரெண்டாவது துண்டுக்கு ஒரு ஜெபம்

தையல்காரர்: மூச்சை விடுங்க அத்தான்.

பாட்டு வாத்தியார்: விட்டுட்டுதான்டா நிக்கிறேன் மச்சான்.

தையல்காரர்: எங்க விட்டீங்க? வயிறு உள்ள போய் முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்குது. டேப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பாட்டு வாத்தியார்: அப்ப டேப் சொல்றத நம்பு.

தையல்காரர்: பாடுங்க.

பாட்டு வாத்தியார்: என்னது?

தையல்காரர்: ஒரு பாட்டு எடுத்து விடுங்க. மூச்சை அடக்கிக்கிட்டுப் பாட முடியாதுல்ல... அந்த நேரம் பார்த்து அளந்துடறேன்.

பாட்டு வாத்தியார்: ஆ... ஆ... ஆஆஆ...

தையல்காரர்: போதும் போதும், எதிர்க்கடைக்காரர் எட்டிப் பாக்குறாரு. எங்க... நாற்பத்தி மூணா? ரெண்டு மாசம் முன்னாடி நாற்பத்தி ஆறுல்ல? டேப்பைத் தலைகீழாப் பிடிச்சுட்டேனா?

பாட்டு வாத்தியார்: கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாரு.

தையல்காரர்: மாட்டிக்கிட்டுதான் இருக்கேன்! சரி, எதுக்கு வந்தீங்க? கோயில் அங்கி இறுக்குது, பிரிச்சு விடணும். அதானே?

பாட்டு வாத்தியார்: இல்ல, உள்ள பிடிக்கணும். தொளதொளன்னு இருக்கு. கையத் தூக்கிப் பாட்டு நடத்தினா கூடாரம் மாதிரி ஆடுது. பின்வரிசைப் பிள்ளைங்க சிரிக்குது.

தையல்காரர்: தொளதொளன்னா? இந்த அங்கியா? வாய்ப்பே இல்ல.

பாட்டு வாத்தியார்: ஏன் வாய்ப்பே இல்ல?

தையல்காரர்: அது வந்து... சுருங்குற துணி. அதான் சொன்னேன்.

பாட்டு வாத்தியார்: நீ எடுத்துக் குடுத்த துணி. எனக்கும் போதகருக்கும் ஒரே துணி, ஒரே அளவு, ஒரே நாள்ல தைச்சுக் குடுத்தே. நூறு தடவ துவைச்சாலும் சுருங்காதுன்னு அடிச்சுச் சொன்னே.

தையல்காரர்: பேச்சை மாத்தாதீங்க. நீங்க சாப்பிடறதில்லயா?

பாட்டு வாத்தியார்: சாப்பிடறேனே. ஒரு தடவ.

தையல்காரர்: ஒரு தடவயா! ஆராதனை முடிஞ்சு கேக் தட்டு எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கமே ஊர்வலம் போவீங்களே...

பாட்டு வாத்தியார்: அது மனந்திரும்புறதுக்கு முன்னாடி.

தையல்காரர்: வாய்தான்! அக்கா எத்தனை தடவ அழுதிருக்கும்? கேட்டா, ஜெபம் பண்ணிட்டுதானே சாப்பிடறேன்னு ஒரு பதில். ஜெபம் பண்ணிட்டா கேக்கு வெள்ளரிக்காயா மாறிடுமா?

பாட்டு வாத்தியார்: மாறும்னுதான் ரொம்ப நாள் விசுவாசமாக் காத்திருந்தேன்.

தையல்காரர்: சிரிக்காதீங்க. டாக்டர் உடம்பைப் பாருங்கன்னா, "இந்த உடம்பு ஆலயம் டாக்டர், விரிவாக்கப் பணி நடக்குது"ன்னு அவர்கிட்டயே ஜோக்கு!

பாட்டு வாத்தியார்: டாக்டரே சிரிச்சாருடா.

தையல்காரர்: எங்க அப்பாவும் இப்படித்தான் எல்லாரையும் சிரிக்க வச்சாரு. இதே சுகர்... கடைசியா அவருக்கு நான் தைச்ச பேன்ட்ல ஒரு காலை முட்டிக்கு மேல மடிச்சுத் தைச்சேன் அத்தான். உங்களுக்கு அப்படி ஒண்ணு தைக்க என் கை வராது. புதன்கிழமை ரத்தப் பரிசோதனை. சுகர் இறங்கலன்னா தினம் ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அக்கா சரியாத் தூங்கியே ரெண்டு மாசம் ஆச்சு. அதனாலதான்... சரி, விடுங்க.

பாட்டு வாத்தியார்: விட மாட்டேன். எதனாலதான்?

தையல்காரர்: ஒண்ணுமில்ல. கைய இறக்குங்க.

பாட்டு வாத்தியார்: நான் சொல்லட்டுமா? அதனாலதான் திங்கக்கிழமை ஆனா அங்கி மாட்டுற அறைக்குள்ள புகுந்து, மூணாவது ஆணில தொங்குற என் அங்கிய எடுத்துட்டுப் போய், பக்கத்துக்குக் கால் இஞ்ச் உள்ள பிடிச்சு...

தையல்காரர்: அய்யோ! தெரியுமா?

பாட்டு வாத்தியார்: முத வாரமே தெரியும். பழைய தையலுக்கு நடுவுல புது நூல் பளிச்சுனு இருக்கு. எனக்கு சுகர்தான்டா, கண்ணு நல்லாத் தெரியும்.

தையல்காரர்: அக்கா யோசனை அத்தான். நான் சொன்னா கேக்க மாட்டாரு, அங்கி சொன்னாவாவது கேப்பாருன்னு... வாரா வாரம் சீட்டு எழுதி அனுப்பும், நான் பிடிப்பேன். எட்டு வாரம். நாலு இஞ்ச்! நாலு இஞ்ச் பிடிச்சும் எப்படி லூசா இருக்கு?

பாட்டு வாத்தியார்: என்னோடதுல நீ பிடிச்சது முத வார அரை இஞ்ச் மட்டும்தான். அடுத்த வாரத்துல இருந்து ஆணி மாறிடுச்சு.

தையல்காரர்: மாறிடுச்சா?

பாட்டு வாத்தியார்: ஆராதனை முடிஞ்சதும் என் அங்கி முத ஆணிக்குப் போயிடும். அங்க இருந்தது மூணாவதுக்கு வந்துடும். அடுத்த ஞாயிறு காலைல நான்தானே போய்க் கதவு திறக்கிறேன்... பழையபடி திருப்பி மாட்டிடுவேன்.

தையல்காரர்: முத ஆணி... முத ஆணி யாரோடது அத்தான்?

பாட்டு வாத்தியார்: அத விடு. நீ அளவைக் குறிச்சுக்கோ.

தையல்காரர்: அத்தான்!

பாட்டு வாத்தியார்: போதகரோடது.

தையல்காரர்: கர்த்தரே! ஏழு வாரமா அந்த மனுசன் மூச்சு விடாமலா பிரசங்கம் பண்றாரு?

பாட்டு வாத்தியார்: அதான் கால் மணி நேரம் முன்னாடியே முடிச்சிடறாரு. சபையே சந்தோஷமா இருக்கு.

தையல்காரர்: அதான் வாரா வாரம் சாப்பாடு, சாப்பாடுன்னு பேசறாரா...

பாட்டு வாத்தியார்: ஆமாடா. எனக்கும் முதல்ல சிரிப்புதான். ஆனா ஒரு வாரம் ஒண்ணு சொன்னாரு பாரு... முத துண்டுக்கு ஜெபம் பண்றோம், ரெண்டாவது துண்டுக்கு யாராவது பண்றோமா? எடுத்து வாயில போடறதுக்கு முன்னாடி அதுக்கும் கண்ண மூடுங்கன்னு.

தையல்காரர்: மூடினீங்களா?

பாட்டு வாத்தியார்: இதென்ன பெரிய வேலைன்னு அன்னிக்கே மூடினேன். கைல கேக்கு. "பசிச்ச எனக்கு இதைத் தந்தீரே ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சா... எங்கடா பசி? அவர்கிட்டப் போய் எப்படிப் பொய் சொல்றது? வேற வார்த்தை தேடறேன், ஒண்ணும் சிக்கல. முப்பது வருஷமா ஜெபம் பண்ற வாய் மச்சான்... அப்படியே நின்னுடுச்சு. துண்டைத் தட்டுல வச்சுட்டேன்.

தையல்காரர்: நிஜமாவா?

பாட்டு வாத்தியார்: அன்னிலேருந்து ரெண்டாவது தடவைக்கான ஜெபத்தை இன்னும் முடிச்சபாடில்ல. தினம் பாதிலயே நிக்குது.

தையல்காரர்: அக்காவுக்குத் தெரியுமா?

பாட்டு வாத்தியார்: புதன்கிழமை ரிசல்ட்டைக் கைல குடுத்துட்டுச் சொல்லிக்கிறேன். ஒருவேளை இறங்காம இருந்துட்டா? அதுவரைக்கும் வாயத் திறக்காத.

தையல்காரர்: திறக்கல. நீங்க முதல்ல போதகர் அங்கிய எடுத்துட்டு வாங்க, சத்தமில்லாமப் பிரிச்சு விட்டுடறேன். அக்கா சீட்டையும் கிழிச்சுப் போட்டுடணும். அஞ்சு, ஆறு, ஏழு... எட்டு இருக்கணுமே? ஒண்ணு குறையுதே.

பாட்டு வாத்தியார்: அப்புறம் தேடலாம். வாசலைப் பாரு.

தையல்காரர்: போ... போதகரய்யா! வாங்கய்யா, உக்காருங்க.

போதகர்: உக்கார்ற மாதிரி இல்ல தம்பி, தையல் விட்டுடும். வாத்தியாரும் இங்கதான் இருக்கீங்களா? பாட்டு தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

பாட்டு வாத்தியார்: அளவுக்குத்தான் பாடினேன் ஐயா.

போதகர்: அங்கியப் போட்டுக்காட்டலாம்னுதான் போட்டுட்டே வந்தேன். சாப்பாட்டைக் குறைச்சேன், காலைல நடந்தேன்... நான் குறையக் குறைய இது இறுகிக்கிட்டே போகுதே தம்பி, என்னவா இருக்கும்?

தையல்காரர்: துணி... சுருங்கியிருக்கும்யா.

பாட்டு வாத்தியார்: ஆமாய்யா. சுருங்குற துணியாம்.

போதகர்: ஓ! வாத்தியாரோடதும் இதே துணிதானே? அது மட்டும் தொளதொளன்னு தொங்குது...

பாட்டு வாத்தியார்: அது... கர்த்தரோட கிருபை ஐயா.

போதகர்: கிருபைதான், சந்தேகமே இல்ல. முத வாரம் எனக்கு நானேதான் பிரசங்கம் பண்ணிக்கிட்டேன். ரெண்டாவது வாரம் அங்கி பாக்கெட்ல இந்தச் சீட்டு கிடைச்சுது: "அத்தான் அங்கி. இந்த வாரமும் கால் இஞ்ச். அவருக்குத் தெரியவே கூடாது. அப்பாவ விட்ட மாதிரி இவரையும் விட்டுட முடியாதுடா." ஆணி எப்படி மாறுச்சுன்னு நான் கேக்கல வாத்தியாரே... ஆனா அந்த ரெண்டாவது துண்டு ஜெபத்தைப் பத்தின பிரசங்கம் உங்களுக்குன்னே பண்ணினது. அது பலிக்கிற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கலாம்னு இருந்தேன். பலிச்சுடுச்சு போலயே? அப்ப சீக்கிரம் பிரிச்சு விடுங்க தம்பி... ஏழு வாரம் ஆச்சு, நானும் மூச்சை விடணும்.