மண்டைக்குள் பிடிவாதம்

கொழும்பு ரயிலைப் பிடிப்பதற்காகப் படுவான்கரையிலிருந்து காலைத் தோணியில் வாவியைக் கடந்துகொண்டிருந்தோம். என் எதிரே ஒரு பெண், கண்ணை மூடிப் படுத்திருந்த கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய தங்கையிடம் சொன்னாள்:

"மண்டைக்குள்ள கட்டி எண்டு டொக்டர் சொல்றார் மச்சாள். நான் இருவது வருசமா அதைப் பிடிவாதம் எண்டெல்லோ நினைச்சிருந்தன்."

"பகிடி விடாதீங்க மச்சாள். கொழும்பில மண்டையைத் திறந்தா ஆள் தப்புமா? உங்கட வீட்டு வளவிலதான் தோசம். பூசாரியைக் கூப்பிட்டு, தோசம் கழிய ஒரு மடை வைச்சுப் படைச்சிருக்கலாம்."

"வளவில தோசமெண்டா, அண்ணனை உங்கட வீட்டில கொண்டுபோய் வைச்சுப் பாருங்களன்."

தங்கை அவசரமாக மறுத்தாள்.

"அதெப்படி? கலியாணம் முடிச்சா ஆம்பிளைக்குப் பெண்சாதி வீடுதானே. நம்மட ஊர் வழக்கம் அதுதானே."

"ஓம், வழக்கம்தான். தோசம் பிடிச்ச வளவும் எனக்குத்தான் சீதனம், நோய் பிடிச்ச மனிசனும் எனக்குத்தான் சீதனம்."

தோணி கரை தட்டியது. கணவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"தங்கச்சியும் கொழும்புக்கு வாறாளா?"

"இல்ல. அவ கரையோட திரும்புறா. உங்கட பிடிவாதம் எனக்கும் தொத்திட்டுது, நான் வாறன்."