கொக்கு விதி

மேகம் இல்லாத வானத்தைப் படம் எடுப்பது வெட்டி வேலை, ஐயா. நேரில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி விழும். கொஞ்சம் மேகம் வேண்டும். அதுவும் மேற்கே, தாழ்வாக, ஓரங்கள் பிய்ந்த மேகமாக இருந்தால் அந்த மாலை வீண் போகாது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாய் என்று பார்க்கிறீர்கள். ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் பெயின்ட் கம்பெனியில் நிறம் சேர்ப்பவனாக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். பழைய சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்து வருவார்கள். அதே நிறத்தை நான் கலந்து கொடுக்க வேண்டும். புதிதாகப் பூசியது எங்கே முடிகிறது, பழையது எங்கே தொடங்குகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியக்கூடாது. எனக்குச் சோறு போட்டது அந்தத் திறமைதான். மாலை வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் ஸ்டாண்டை விரித்து, காமிராவைப் பொருத்தி, பத்து விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்துவிடுவேன். பிறகு கம்ப்யூட்டரில் அத்தனையையும் போட்டுப் பார்ப்பது ஒரு சுகம். இருட்டாகக் கிடக்கும் மூலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால், அதுவரை ஒளிந்திருந்த ஊதா வெளியே வரும். யாரும் பார்க்காத ஒன்றை நான் முதலில் பார்க்கிறேன் என்று தோன்றும். இந்தச் சந்தோஷத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என்னைப் போலப் பதினெட்டுப் பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தின் மேல்மாடி அறையில் கூடுவோம். பல் டாக்டர் ஒருவர், பஸ் டிரைவர் ஒருவர், கணக்கு டீச்சர் ஒருவர், இப்படி. அதில் ஒருவர்தான் கடிகாரக்காரர். கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். எங்கள் தெருவிலேயே, எதிர்க் கட்டடத்தில், தன் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். என் மாடியிலிருந்து கூப்பிட்டால் அவர் மாடியில் கேட்கும். பத்து வருட நட்பு. என் காமிராவுக்குள் தூசி புகுந்தால் அவர்தான் சுத்தம் செய்து தருவார். அப்படிப்பட்ட விரல்கள் அவருக்கு.

எங்கள் கண்காட்சியில் ஒரு வருடம் என் படத்துக்கு முதலிடம் கொடுத்தார்கள். அஸ்தமனச் சூரியனுக்குக் குறுக்கே ஏழு கொக்குகள் வரிசையாகப் பறக்கும் படம். உண்மையில் பறந்தவை ஆறு. நடுவில் ஒரு இடைவெளி விழுந்திருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டாவது கொக்கை இன்னொரு பிரதி எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கிறோம், அதைப் பொய் என்றா சொல்கிறோம்?

பரிசு கொடுத்து, கைதட்டி எல்லாம் முடிந்த பிறகு கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தின் முன்னால் குனிந்து நின்றார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் ஆசையாகத்தான் காத்திருந்தேன். நிமிர்ந்து சிரித்தார்.

"அட, இந்த ரெண்டு கொக்கும் ஒண்ணுதான்பா. இறக்கையில ஒரே இடத்துல ஒரே கிழிசல்!"

அறையே சிரித்தது. பல் டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் பார்த்தேன்.

அன்றோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. விடவில்லை. அடுத்த ஞாயிறே ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார்கள். இனி யார் படம் காட்டினாலும், திருத்தாத அசல் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அதற்கு 'கொக்கு விதி' என்று பெயர் வைத்தது கடிகாரக்காரர்தான். வாரா வாரம், "கொக்கு விதிப்படி ஒரிஜினலை எடுங்கப்பா" என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்கும் 'ரெட்டைக் கொக்கு' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அது நூலகத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கம்பெனிக்கும் வந்து சேர்ந்தது. ஒருநாள் மாப்பிள்ளை போன் செய்து, "மாமா, ரெட்டைக் கொக்குன்னா என்ன மாமா? இங்க யாரோ கேட்டாங்க" என்றார். கண் காணாத ஊரில் இருக்கும் மாப்பிள்ளை, ஐயா.

"விடுங்களேன், ஒரு கொக்குக்காகவா இவ்வளவு?" என்பாள் என் மனைவி. நானும் விட்டுவிட்டதாகத்தான் சொன்னேன். கடிகாரக்காரரோடு முன்போலவே பேசினேன், டீ குடித்தேன். உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. ஒருநாள்கூட அணையவில்லை. அவர் ஒரே ஒரு தடவை, "தப்பா எடுத்துக்காதே" என்று சொல்லியிருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வேன். சொல்லியிருந்தாலும் எனக்குப் போதாது என்பது இப்போது தெரிகிறது.

மூன்று வருடம் போயிற்று. அந்த வியாழக்கிழமை மேற்கே நல்ல மேகம். ஐந்து மணிக்கே காமிராவை ஓடவிட்டேன். மேகம் ஒரு ஓரமாகத் தாழ்ந்திருந்ததால் காமிராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. அதனால் படத்தின் அடி ஓரத்தில் எதிர் மாடியும் விழுந்தது. வழக்கமாக அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுவேன்.

அண்ணனும் தம்பியும் அன்று தண்ணீர்த் தொட்டியின் குழாயை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்று அவர்களுக்குள் வருடக்கணக்காகச் சண்டை. மதியமே சத்தம் கேட்டது. "ஒருநாள் இல்ல ஒருநாள் உன்னை இந்தத் தொட்டியிலயே முக்கிடறேன் பாரு" என்று தம்பி கத்தினார். அவர்கள் தினமும் அப்படித்தான் கத்துவார்கள். அப்புறம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். தெருவுக்கே தெரியும். ஆனால் கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது.

நான் கீழே முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஏதோ விழுந்த சத்தமும், பிறகு அலறலும் கேட்டன. அண்ணன் தெருவில் கிடந்தார். உயிர் இல்லை.

தான் கீழே ஸ்பேனர் எடுக்கப் போயிருந்ததாகவும், திரும்பி வருவதற்குள் அண்ணன் விழுந்துவிட்டதாகவும் கடிகாரக்காரர் போலீஸில் சொன்னார். கீழ் வீட்டார் மதியச் சண்டையைச் சொன்னார்கள். அவரை அழைத்துப் போனார்கள். அப்போது அவரே, "எதிர் மாடியில காமிரா ஓடிட்டிருந்துச்சு சார், அவர்கிட்ட கேளுங்க, எல்லாம் அதுல இருக்கும்" என்று சொன்னாராம். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் மதியம் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அண்ணே, அவர் மேல தப்பு இல்லைங்கறது உங்க படத்துல இருக்கும்ல?"

"இருக்கிறது அப்படியே வரும்மா. கவலைப்படாம போ," என்றேன்.

நான் அதற்குள் படங்களைப் பார்த்துவிட்டிருந்தேன். எல்லாம் இருந்தது. ஒரு படத்தில் அண்ணன் தனியாகக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று குழாயை எட்டுகிறார். அடுத்ததில் ஒரு கால் சுவரில், மறுகால் அந்தரத்தில். மாடியில் வேறு யாரும் இல்லை. அடுத்த இரண்டு படங்களிலும் மாடி காலி. அதற்கும் அடுத்ததில் மாடிப்படிக் கதவருகே கடிகாரக்காரர், ஸ்பேனரோடு வலது கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறார். அண்ணனைக் காணாமல் கூப்பிட்டிருக்க வேண்டும். வாய் திறந்திருந்தது.

போலீஸ் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. நான் மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

முதலில் பார்க்கலாம் என்றுதான் செய்தேன், ஐயா. ஓடி வருகிறவரைக் கதவருகிலிருந்து எடுத்து, அரை நிமிடம் முந்தைய படத்தில், அண்ணனுக்குப் பின்னால் வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். அப்படியே பொருந்தியது. அதே வெயில், அதே நிழல், அதே தூரம். நீட்டிய கை சரியாக அண்ணனின் முதுகுக்கு வந்தது. காலடியில் நிழலை மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டேன். ஓரங்களை மெதுவாக மழுக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான வேலை நான் செய்ததில்லை. ஐந்தரைக்கு முடிந்தது. எழுந்து கை கழுவிவிட்டு டீ போட்டேன்.

அந்த ஒரு படத்தைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை. அவர் ஓடி வரும் படத்தையும் உள்ளபடியே கொடுத்தேன். காமிராவில் படங்கள் பதிவாகும் மெமரி கார்டைக் கேட்டார்கள். அன்று மாலைப் படங்களுக்காக அதை அழித்துவிட்டேன் என்றேன். என்னைப் போன்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். நம்பினார்கள். அசலைக் கொண்டுவா என்று நெருக்கிக் கேட்க அவர்களிடம் கொக்கு விதி இல்லை.

தள்ளிவிட்டுப் படிக்கட்டில் ஒளிந்துகொண்டு, பிறகு ஒன்றும் தெரியாதவர்போல ஓடி வந்தார் என்று அரசு வக்கீல் சொன்னார். கையில் இரும்பு ஸ்பேனரோடு பின்னால் நின்றார் என்றும் அழுத்திச் சொன்னார். அந்த ஸ்பேனரைப் பற்றி எனக்கே தோன்றவில்லை. அது தானாக அமைந்தது.

நான் சாட்சிக் கூண்டில் ஏறி, இவை என் காமிராவில் எடுத்த படங்கள்தான் என்றேன். பிறகு கடிகாரக்காரரிடம் படங்களைக் காட்டினார்கள். கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் கை பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவிப் பூதக்கண்ணாடியைத் தேடியது. இல்லை. அவர் நிமிர்ந்து நீதிபதியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஐயா, இந்த ரெண்டு ஆளும் ஒண்ணுதான்," என்றார்.

"ரெண்டும் நீங்கதான்னுதானே அவங்களும் சொல்றாங்க?" என்றார் நீதிபதி.

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கொக்கு, இறக்கை, கிழிசல் என்று அவர் ஏதேதோ சொல்லப் பார்த்தார். அவருடைய வக்கீலே சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பின் பெஞ்சில் நூலகக் குழுவின் பல் டாக்டரும் டீச்சரும் இருந்தார்கள். அவர்களுக்காவது புரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அன்றைக்குத்தான் மூன்று வருடம் கழித்து மூச்சு நேராக வந்தது. ஆயுள் தண்டனை என்றதும் நான் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். "நல்லவேளை, உங்க காமிரா இருந்துச்சு. இல்லேன்னா அந்த மனுஷனுக்கு நியாயமே கிடைச்சிருக்காது," என்றாள் என் மனைவி. செத்துப்போன அண்ணனைச் சொன்னாள்.

குழு கொஞ்ச நாளில் கலைந்துபோனது. நான் மட்டும் விடவில்லை. மாதம் ஒரு வானப் படம் பிரிண்ட் போட்டு அவருக்குச் சிறைக்கு அனுப்பினேன். உள்ளே இருந்தால் அடிவானம் தெரியாதே என்றுதான். ஐந்து வருடத்தில் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. என்னை மறந்துவிடக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம் அவர் மனைவி இறந்துபோனார். செத்துப்போன அண்ணனின் மனைவி கடைசிவரை அவரை வாசலில்கூட நிற்க விடவில்லை என்று கேள்விப்பட்டேன். என் மனைவி சாவுக்குப் போனாள். நான் போகவில்லை. அன்று மழை பெய்து விட்டிருந்தது. வெளிச்சம் பிரமாதமாக இருந்தது.

இப்போது நீங்கள் இந்த மெல்லிய தாளை என் முன்னால் வைக்கிறீர்கள். வழக்கு நகலில் இருந்த ஒரு படத்து ஆளின் ஓரத்தைக் கடிகாரக்காரர் பென்சிலால் வரைந்து, மற்றப் படத்து ஆளின்மேல் வைத்துக் காட்டியிருக்கிறார். சட்டை மடிப்பு, விரல், ஸ்பேனர், திறந்த வாய், ஒரு மயிரிழை விலகவில்லை. பூதக்கண்ணாடி இல்லாமல் இதைச் செய்திருக்கிறார். அவருக்கு வலது கண் பார்வை போய்விட்டது என்கிறீர்கள். பதினொரு மனு போட்டாராம். பதினோராவதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அவரை வெளியே விடும்போது கடையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கண்ணோடு கடிகார வேலை ஆகாது.

ஒட்டியது நான்தான். அவர் தள்ளவில்லை என்று தெரிந்தே ஒட்டினேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். படத்தையே மாற்றிவிட்டேன் என்று மொத்தமாக எழுதிவிடாதீர்கள். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. அன்றைக்கு மேற்கே இருந்த மேகம் அப்படியேதான் இருக்கிறது. அதன் நிறத்தைக்கூட நான் கூட்டவில்லை. ஆளைத்தான் மாற்றினேன், ஐயா. வானத்தில் நான் கை வைக்கவில்லை.