பேசுவது அக்கா இல்லை, சர்க்கரை

கடலைக் குழம்பு வைக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தோலை ஒழுங்காக எடுக்கிற பொறுமை கிடையாது. வேர்க்கடலையை வறுத்ததும் சூட்டோடு ஒரு துணியில் கொட்டிக் கசக்கி, முறத்தில் போட்டுப் புடைத்து ஊதிவிட வேண்டும். நாலு பருப்பில் தோல் ஒட்டியிருந்தால்கூட குழம்பு லேசாகக் கசக்கும். கேட்டால், தோலில்தான் சத்து இருக்கிறது என்பார்கள். சோம்பேறித்தனத்துக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கைவசம் இருக்கும்.

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது, சார். அக்கா எப்படிச் செத்தாள் என்று கேட்டால் இவள் கடலைத் தோலைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்கிறீர்கள். அவள் சாப்பாட்டு மேசையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்தபோது நான் அடுப்படியில் அந்தக் குழம்பைத்தான் கிண்டிக்கொண்டிருந்தேன். நடுவில் கதவுகூட இல்லை. ஒரு திரைதான், அதுவும் பாதிக்கு ஒதுக்கியிருந்தது. அதனால் குழம்பைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. வக்கீல் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டீர்கள். வேண்டாம். எனக்காக மற்றவர்கள் பேசி, அதை நான் வாயை மூடிக்கொண்டு கேட்டு, அலுத்துவிட்டது.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேர்ந்து, பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்றாள். நான் ஒரு சலவைக் கடையில் துணி வாங்கிச் சீட்டுக் கட்டுகிற வேலையில் இருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு அக்காவும் அத்தானும் என்னைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். தங்கச்சியைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் அக்காவைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். மூன்று வேளையும் யார் சமைத்து யார் சாப்பிட்டார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச வருஷத்திலேயே அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். இறங்கினால் சிலருக்குத் தலை சுற்றும், சிலருக்குக் கை நடுங்கும். அக்காவுக்கு வாய் திறந்துவிடும். முதல் தடவை அப்படி ஆனபோது டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர், "சில பேருக்கு சர்க்கரை இறங்கினா இப்படித்தான் எரிஞ்சு எரிஞ்சு விழுவாங்க. அவங்க கூட வாதாடாதீங்க. உடனே சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுத்துடுங்க" என்றார்.

வாதாடாதீங்க என்ற ஒரு சொல்லை அத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர். வீட்டில் சத்தம் கேட்டால் உடனே செருப்பைத் தேடுகிறவர். போகிற போக்கில் என்னிடம், "மனசுல வெச்சுக்காதம்மா. பேசறது உங்க அக்கா இல்ல, சர்க்கரை பேசுது" என்பார். அவர் செத்த பிறகு அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பழகிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். அவள் திட்டினால் நான் சர்க்கரை கொடுக்க வேண்டும். தண்டச்சோறு என்பாள், ஒரு டம்ளர். உன்னைப் பெத்ததுக்கு அம்மா ஒரு கல்லைப் பெத்திருந்தா துணி துவைக்கவாவது ஆகியிருக்கும் என்பாள், ஒரு டம்ளர். மடக் மடக்கென்று குடிப்பாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் ஏதாவது சொன்னேனாடி?" என்று குழந்தை மாதிரி கேட்பாள். நான், "ஒண்ணும் சொல்லலக்கா" என்பேன். டம்ளரைக் கழுவி வைப்பேன். உங்கள் முகத்தில் ஒருத்தர் துப்ப, நீங்கள் அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். அதை வருஷக்கணக்கில் செய்து பாருங்கள்.

அவள் ஓய்வு பெற்றபோது ஆபீசில் ஒரு கூட்டம் போட்டார்கள். என்னையும் கூட்டிப் போனாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷி என்றார் மேலதிகாரி. இத்தனை வருஷத்தில் அவங்க குரல் உயர்ந்து நாங்க கேட்டதில்லை என்று சொல்லி ஒரு பெண் அழுதாள். நானும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினேன். சர்க்கரைக்குக்கூட ஆபீஸ் நேரம் தெரிந்திருக்கிறது, பாருங்கள். அது வீட்டுக்கு வந்துதான் இறங்கும்.

சலவைக் கடை முதலாளிக்கு ஒரு தம்பி இருந்தார். மனைவியை இழந்தவர், கணக்காகப் பேசுகிற மனிதர். துணி மடிக்கும்போது என்னோடு சேர்ந்து மடிப்பார். ஒருநாள், வீட்டில் வந்து பேசட்டுமா என்று கேட்டார். வரச் சொன்னேன். அன்றைக்குக் கடலைக் குழம்புதான் வைத்தேன், அதுதான் எனக்கு நன்றாக வரும். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அப்போது அக்கா ஆரம்பித்தாள். "இவளையா கேட்டு வந்தீங்க? நல்லா யோசிச்சுக்குங்க. இவளுக்கு அப்பப்ப புத்தி பிசகிடும். ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சுத்தான் நாங்க சமாளிக்கறோம்" என்றாள். இன்னும் என்னென்னவோ கத்தினாள். அத்தான் செருப்பைத் தேடப் போய்விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா சார்? வாதாடவில்லை. எழுந்து போய்ச் சர்க்கரை கரைத்துக்கொண்டு வந்தேன். என் கை ஆடியதில் பாதி அவர் தட்டுப் பக்கம் சிந்தியது. அவர் பார்வையில் பைத்தியக்காரி யார் என்பது அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. கை கழுவிக்கொண்டு போனவர், அடுத்த வாரத்திலிருந்து கடையில் என் பக்கம் நிற்பதையே விட்டுவிட்டார். கோபம் இல்லையா என்று கேட்காதீர்கள். அன்று வந்த கோபம் இன்னும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நோயாளிமீது கோபப்படக் கூடாது என்றால், அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

கடலையை அரைத்த விழுதை வெந்நீரில் கரைத்து, வெங்காயமும் தக்காளியும் வதங்கிய சட்டியில் ஊற்றிய பிறகு கரண்டி நிற்கக் கூடாது. தீயைச் சிறிதாக வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் குழம்பு ஆயிற்று என்று அர்த்தம். அதற்கு முன்னால் கொஞ்சம் அசந்தாலும் அடிப்பிடித்துவிடும், அப்புறம் சட்டி முழுக்கக் கருகல் வாடைதான். இன்னொன்று, எங்கள் வீட்டில் கை மாற விடமாட்டோம். யார் கரண்டி போட்டார்களோ அவர்களே இறக்க வேண்டும். அம்மா வைத்த வழக்கம். பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒருமுறை நான் அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். அக்கா அந்தக் கருகலைச் சுரண்டி என் தட்டில் போட்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கவில்லை.

அன்று காலையில் அவளுக்கு வழக்கம்போல ஊசி போட்டேன். கண் மங்கிப்போனதிலிருந்து நான்தான் போட்டுவிடுகிறேன், அதற்காகத்தான் கடை வேலையையும் விட்டேன். குழம்பு வைக்கிற நாளில் அவள் வேறு எதையும் தொடமாட்டாள், நல்ல பசியோடு சாப்பிட வேண்டும் என்பாள். ஊசி போட்டுவிட்டு அரைக்கப் போனால் கரண்ட் இல்லை. மிக்ஸி ஓடவில்லை. கீழே உட்கார்ந்து அம்மியில் அரைத்தேன். கடலை விழுது அம்மியில் சீக்கிரம் மையாகாது, எண்ணெய் விட்டு வழுக்கிக்கொண்டே போகும். நேரமாகிவிட்டது. நேரமாகிறது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு அடையாளம் இருந்ததே. இறங்கினால் திட்டுவாள், திட்டினால் கொடுத்துவிடலாம் என்று அரைத்துக்கொண்டிருந்தேன்.

திட்டினாள். நான் கரண்டியைப் போட்ட பிறகுதான் திட்டினாள். "உன் கையால திங்கறதுக்குப் பட்டினியே கெடக்கலாம்டி" என்றாள். எத்தனையோ வருஷமாக, பேசுவது அக்கா இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள், அன்று ஒரு மாறுதலுக்கு அக்காதான் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய மனுஷி, படித்தவள், அதிகாரியாக இருந்தவள். பட்டினி கிடக்கலாம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை கொடுக்க வேண்டாமா? கொடுத்தேன். கரண்டியை நிறுத்தவில்லை.

நடுவில் மாடி வீட்டுத் தையல்காரி ஒரு பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தாள். திரையைப் பிடித்தபடி நின்று, "அக்கா தூங்கறாங்களா? இப்படி வேர்த்துக் கொட்டுதே" என்றாள்.

"அடுப்பு வெக்கை. ஃபேன் வேற இல்லியே" என்றேன்.

"தலை ஒரு பக்கமா சாஞ்சிருக்குங்க. நீங்க போய்ப் பாருங்க, நான் வேணா கிண்டறேன்."

"எங்க வீட்டுல கை மாறக் கூடாதும்மா. நீ போ, அவளை எழுப்பினா அப்புறம் கத்துவா."

அவள் தயங்கித் தயங்கித்தான் போனாள். நல்ல பெண். அவளை ஒன்றும் கேட்காதீர்கள், அவளிடம் நான் சொன்னது நம்பும்படியாகத்தான் இருந்தது.

இப்போது அவளே வந்து வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்கிறீர்கள். அன்று கரண்ட் இல்லாததால் மிஷின் ஓடவில்லை, கீழே பேசுவதெல்லாம் மாடிக்குத் தெளிவாகக் கேட்டது, ஆனால் அக்கா திட்டுகிற சத்தம் கேட்கவே இல்லை என்கிறாளாம். மற்ற நாளில் அக்கா கத்த ஆரம்பித்தால் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாளாம். அவள் பொய் சொல்கிறாளா, நான் பொய் சொல்கிறேனா என்று கேட்கிறீர்கள்.

அவள் பொய் சொல்லமாட்டாள்.

பட்டினி கிடக்கலாம் என்று அக்கா சொன்னது போன மாதம். முட்டை ஓரத்தில் கொஞ்சம் கருகியதற்காகச் சொன்னாள். அன்று அவள் திட்டவில்லை சார். நான் விழுதைக் கரைத்து ஊற்றிக் கரண்டியைப் போட்ட சமயம், நாற்காலியிலிருந்து கூப்பிட்டாள். அவள் குரல் என்றே எனக்கு முதலில் தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக இருந்தது. "கண்ணு, எனக்கு இறங்கற மாதிரி இருக்குடா. உனக்குக் கை ஒழிஞ்சதும் கொஞ்சம் சர்க்கரை கரைச்சுக் குடு. அவசரமில்ல" என்றாள்.

என்னைக் கண்ணு என்றாள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. கை மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தாள். ஆக, இறங்குவதற்கு முன்பே அவளுக்குத் தெரிகிறது. தெரிந்தால் கேட்கவும் வருகிறது. கண்ணு என்று கூப்பிட்டு, அவசரமில்லை என்று சொல்லி, எவ்வளவு அழகாகக் கேட்க வருகிறது. அப்படியானால் அந்த மனிதர் எதிரில் பேசியது யார்? தண்டச்சோறு என்றது யார்? இத்தனை வருஷமும் நான் யாருக்குச் சர்க்கரை கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்? கோபத்தில் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. வழக்கம்போல அவள் கத்தியிருந்தால் அந்த நிமிஷமே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன், அந்தப் பழக்கம் என் கையிலேயே ஊறியிருந்தது. சர்க்கரை டப்பா என் இடது கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கிண்டுகிற கையை எடுக்கக்கூட வேண்டியதில்லை.

நான் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னொரு தடவையும் கண்ணு என்றாள் என்று நினைக்கிறேன். அப்புறம் பேச்சு குழறிவிட்டது. அதன் பிறகுதான் தையல்காரி வந்தாள், போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே வந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். அணைத்த பிறகும் கிண்டிக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்ற பிறகுதான் கரண்டியைக் கழுவி மாட்டினேன்.

கை ஒழிந்ததும் கரைத்துக் கொடு என்றுதான் அவள் சொன்னாள். அக்கா சொன்ன சொல்லை நான் ஒருநாளும் மீறியதில்லை. கை ஒழிந்ததும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, அடியில் தங்காமல் நன்றாகக் கரைத்து, கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.