மைனஸ் தொண்ணூறு

இல்லமா, நான் எழுதுன வெப்சைட் கோடு தப்பே கெடையாது. பதினோரு வருசமா அந்தப் பொட்டி ஸ்கிரீன் நடுவுலதான் நின்னுக்கினு இருந்துச்சு. நீ இன்னா பண்ணேன்னு மொதல்ல சொல்லு. ஒண்ணும் பண்ணலையா? ஒண்ணும் பண்ணாம ஒரு பொட்டி தானா மேல ஏறுமா? சரி, உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், காலு ஆடுது, இந்த சேர்ல உக்காரு. கல்யாணப் பத்திரிகை கட்ட கீழ தள்ளிடு, பரவால்ல, நாளைக்குத்தான் வாங்க வருவாங்க. தாம்பரத்துல பஸ் ஏறுனியா? வாலாஜாபாத் வழியாவா? அதான் இவ்ளோ நேரம். இதப் போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு நெனப்ப. நேர்ல வான்னு நான்தான் சொன்னேன், காரணம் இருக்குது. காபி சொல்லியிருக்கேன், வந்துடும்.

என் நம்பர் உனக்கு எப்டி கெடச்சுது? கோடுக்குள்ளயே இருந்துச்சா? அட கடவுளே, அது இன்னும் இருக்குதா! இதுல கை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க, காவேரின்னு எழுதி நம்பர் போட்டிருப்பேன். கடையோட வெப்சைட் பக்கத்தப் பாக்க வர்றவங்களுக்குத் தெரியாது, உள்ள போயி நோண்டறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். இத்தினி வருசத்துல அதப் படிச்சிட்டு கூப்பிட்ட மொத ஆளு நீதான். சிம்ரன்தானே பேரு? வேற யாரா இருந்தாலும் கண்ண மூடிக்கினு அழிச்சிட்டு போயிருப்பாங்க. நல்லா இரும்மா.

கடைக்காரரு என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா? நீ கேக்கவே இல்லையா? யாரோ பழைய டிசைனர்னு நெனச்சுக்கினு வந்திருக்க. டிசைனர்தான், தப்பில்ல. ஆனா அது எங்க நைனா கடைமா. அப்பாவத்தான் நாங்க நைனான்னுவோம். காந்தி ரோட்டுல பஞ்சாட்சரம் பட்டு மாளிகைன்னு இவ்ளோ பெரிய போர்டு, அந்தப் பஞ்சாட்சரம். உங்க ஆபீஸுக்கு வேலை குடுத்தாரே தேவேந்திரன், அவன் என் கூடப் பொறந்த தம்பி. ஏன் அப்டி முழிக்கற? சண்ட போடறதுக்கு உன்ன கூப்பிடல. பயப்படாம லேப்டாப்ப தொற.

இன்னா இன்னா பண்ணிப் பாத்த? வெர்டிகல் அலைன் மிடில் போட்டியா? போட்டிருப்ப. எல்லாரும் மொதல்ல அங்கதான் போயி விழுவாங்க. பேரப் பாத்தா நம்ம வேலைய முடிச்சிடும்போல இருக்கும், ஆனா இந்த மாதிரி பொட்டிய அது திரும்பிக்கூட பாக்காது. மார்ஜின் ஆட்டோ? அது இங்க எடவலம் மட்டும்தான் நடுவுல கொண்டாரும். மேல கீழன்னா கைய விரிச்சிடும். இப்ப உங்களுக்கு எல்லாம் சுளுவா வந்துடுச்சு. எங்களுக்கு அப்ப அந்த வசதி கெடையாது, பாதிப்பேரு ஏதோ ஒரு பழைய கம்ப்யூட்டர்ல பாத்துக்கினு இருந்தாங்க, புதுசா எத எழுதுனாலும் அவங்களுக்கு தெரியாது. அதனால கணக்கு போட்டு நிறுத்துவோம். பக்கத்தோட உசரத்துல பாதிக்கு பொட்டிய எறக்கணும். எறக்குனா பொட்டியோட தலைதான் நடுவுல நிக்கும், ஒடம்பு கீழ தொங்கும். அப்ப பொட்டி உசரத்துல பாதிய மேல தூக்கணும். அந்த தூக்கறதுக்குத்தான் மைனஸ். பொட்டி நூத்தியெண்பது பிக்சல், பாதி தொண்ணூறு. தோ பாரு, அந்த வரிதான். மார்ஜின் டாப், மைனஸ் தொண்ணூறு.

அது மொதல்ல மைனஸ் அறுவதா இருந்துச்சு தெரியுமா? ரெண்டு பேருதான் நான் போட்டிருந்தேன். மேல நைனா பேரு, அதுக்கடியில தம்பி பேரு. வரிக்கு அறுவது பிக்சல், மொத்தம் நூத்தியிருவது, பாதி அறுவது. கடை பசங்க பேருலதானே இருக்கும்னு எனக்கே ஒரு நெனப்பு, வெச்சுக்கோயேன். நைனா இன்னா பண்ணாரு தெரியுமா? கல்லாவுல இருந்த அடி ஸ்கேல எடுத்தாந்து மானிட்டர் மேல வெச்சு அளந்தாரு! மேல எவ்ளோ, கீழ எவ்ளோன்னு. சேலைக்கு ரெண்டு பக்கமும் பார்டர் ஒரே அளவு இருக்க வாணாவான்னு கேட்டாரு. கண்ணாடியில கீறல் விழுந்துடப் போவுதுன்னு நான் கத்தறேன், அவருபாட்டுக்கு அளந்துக்கினு இருக்காரு.

அப்ப தேவா காலேஜ் ரெண்டாவது வருசம். பின்னாடி நின்னுக்கினு பாத்தவன், இன்னாக்கா, உன் பேரக் காணம்ன்னான். எனக்கெதுக்குடான்னேன். நகரு நகருன்னு என்ன தள்ளிட்டு, அவனே குந்திக்கினு, ஒத்த வெரலால ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி, காவேரின்னு மூணாவது வரியில அடிச்சான். உரிமையாளர்கள்னு மேல போட்டிருந்துச்சு பாரு, அதுக்குக் கீழ மூணு பேரு. நைனா ஸ்கேல மறுபடியும் எடுத்தாரு. அளவு போயிடுச்சு இல்ல? நான் திரும்ப கணக்கு போட்டு, அறுவத தொண்ணூறா மாத்துனேன். அந்த நம்பரு வந்ததே அவனாலதான்மா.

இப்ப சொல்லு. அந்த மூணாவது வரிய எடுத்துட்டல்ல? அதான் எழுத்து மேல ஏறிடுச்சு. பொட்டி இன்னும் மூணு பேருக்கு எடம் வெச்சுக்கினு நிக்குது, உள்ள ரெண்டு பேருதான் இருக்காங்க. அடியில அறுவது பிக்சல் காலி. ஒண்ணும் பண்ணலன்னு சொன்ன! இல்லமா, உன்ன திட்டல. எடுக்கச் சொன்னாங்க, எடுத்த. அதுல உன் தப்பு ஒரு குந்துமணி கூட கெடையாது.

இந்த சிஸ்டம் ஆன் பண்ணா மொதல்ல வர்றது எங்க கடை பக்கம்தான். நான்தான் அப்டி வெச்சிருக்கேன். இன்னிக்கு காத்தால வந்து சாமி படத்துக்கு பூ போட்டுட்டு ஆன் பண்ணேன். படிக்கக்கூட இல்லமா நான். எழுத்து மேல தூக்கிக்கினு நிக்கறது கண்ணுல பட்டுச்சு. அப்புறம்தான் படிச்சேன், என் பேரக் காணம். அரை மணி நேரத்துல உன் போன் வருது, மேடம் சென்டருக்கு வர மாட்டேங்குதுன்னு. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

காபி வந்துடுச்சு பாரு, எடுத்துக்கோ. சக்கரை பத்தலன்னா சொல்லு.

உன்கிட்ட சொல்றதுக்கின்னா. நைனா போயி ரெண்டு வருசம் ஆவுது. அம்மா அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. கடைக்கட்டடம் நைனா பேருலதான், அவருக்கப்புறம் எனக்கும் அவனுக்கும் சரிபாதி. நான் இந்த டிடிபி கடை வெச்சு என் பொழப்ப பாத்துக்கறேன், அவன் அங்க பாத்துக்கறான், பிரிக்கணும்னு எனக்கு நெனப்பே வந்ததில்ல. தீவாளிக்கு முன்னாடி ஒரு வாரம் நானும் போயி கல்லாவுல குந்துவேன். எங்க வீடுன்னு அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். இந்த மாசம் தேவா வந்தான். அக்கா, மாடி எடுக்கணும், பேங்க்ல லோன் தராங்க, அதுக்கு ஒரு பத்திரம் பதிவு பண்ணணுமாம், நீயும் வந்து ஒரு கையெழுத்து போடணும்ன்னான். எங்க வீட்டுக்காரரு, ஒரு தபா படிச்சிட்டு போடு காவேரின்னாரு. என் தம்பிய சந்தேகப்படறியான்னு அவரோட நான் ரெண்டு நாள் பேசல. பதினாலாம் தேதி, வண்டியில பின்னாடி குந்த வெச்சு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அவனே கூட்டிக்கினு போனான். போட்டோ எடுத்தாங்க, ரேகை வெச்சாங்க, சம்மதமான்னு கேட்டாங்க, சம்மதம்னேன். வர்ற வழியில நிறுத்தி எனக்கு மல்லிப்பூ வாங்கிக் குடுத்தான்மா.

இந்தக் கடையில நாளைக்கு பத்து பேருக்கு வில்லங்கச் சான்று எடுத்துக் குடுக்கறவ நான். போன வாரம் தாமல்லேருந்து பழனின்னு ஒரு பெரியவரு, அவரு நெலத்துக்குப் பாத்துக் குடுக்கச் சொன்னாரு. குடுத்துட்டு சும்மா, வெளையாட்டா, எங்க கடை சர்வே நம்பரும் அடிச்சுப் பாத்தேன். விடுதலைப் பத்திரம்னு வருது. எழுதிக் குடுத்தவரு காவேரி, எழுதி வாங்குனவரு தேவேந்திரன். என் பாகத்த அவனுக்கே விட்டுக் குடுத்துட்டேனாம்! ஊருக்கெல்லாம் படிச்சுப் படிச்சு சொல்ற நான், எனக்குப் படிக்கல பாரு.

ஓடுனேன் கடைக்கு. அவன் அழுதான்மா. அக்கா சத்தியமா எனக்குத் தெரியாது, பத்திரம் எழுதறவன் மாத்தி எழுதிட்டான், அவனத் தேடிக்கினு இருக்கேன், திருத்தல் பத்திரம் போட்டுடலாம்ன்னான். நைனா போட்டோ மேல கைய வெச்சு சொன்னான். தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்னுவாங்க, அவன் அழுதா எனக்குத் தாங்காது. நானே கண்ண தொடச்சு விட்டுட்டு வந்தேன். வீட்டுக்காரரு கிட்ட இன்னும் சொல்லல.

நீ சாப்டுக்கினே இரு, நான் இத சரி பண்ணிடறேன். நைனா பேரு கோணலா நிக்கறது எனக்குப் பொறுக்கல. தோ, இந்த டாப் ஐம்பது வேணாம். பொசிஷன் வேணாம். உசரம் நூத்தியெண்பது, அதுவும் வேணாம். மைனஸ் தொண்ணூறு, எடுத்துட்டேன். இப்ப வெளிப் பொட்டிக்கு டிஸ்ப்ளே கிரிட். பிளேஸ் ஐட்டம்ஸ் சென்டர். உசரம் ஸ்கிரீன் முழுக்க. பாத்துக்கினியா, மூணே வரி. இப்ப ஓட்டிப் பாரு. வந்துடுச்சா நடுவுக்கு? இனிமே நீ எத்தினி பேர எடுத்தாலும் சேத்தாலும் அது தானா சரி பண்ணிக்கும். யார எடுத்தாங்கன்னு வெளிய ஒரு அடையாளமும் தெரியாது. நல்ல வசதிதான்.

சேவ் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுவியா? அந்த வரிய எடுக்கச் சொல்லி உங்களுக்கு எப்ப சொன்னாங்க? இல்ல, சும்மாதான் கேக்கறேன். பத்திரம் பதிவானதுக்கப்புறம் ஆடிட்டர் யாராச்சும் காகிதத்தப் பாத்துட்டு, அதுல இருக்கறபடி பேர மாத்துங்கன்னு சொல்லியிருப்பாங்க. தப்பு காகிதம்னு அவங்களுக்கு இன்னா தெரியும்? அப்டித்தான் இருக்கும். காத்தாலேருந்து அத்தத்தான் நெனச்சுக்கினு இருக்கேன். அப்டி இருந்துச்சுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல, அவன் சொன்னது நெசம்னு ஆயிடும். மெயில்ல தேதி இருக்கும் பாரு. மெதுவா பாரு, அவசரமில்ல.

பத்தா?

நல்லாப் பாரு. இந்த மாசம் பத்தாம் தேதியா? நான் கையெழுத்துப் போட்டது பதினாலு. யாரு அனுப்புனது, ஆடிட்டரா? தேவாவே அனுப்புனதா? இன்னா எழுதியிருக்கான்? கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல. நீயே படி, பரவால்ல. மூணாவது பேர எடுத்துடுங்க. அவசரம் இல்ல. பதினாலாம் தேதிக்கு அப்புறம் போட்டா போதும்.

ம்.

இல்லமா, ஒண்ணும் இல்ல. நீ எதுக்கு எந்திரிக்கற, உக்காரு. பதினாலுக்கு அப்புறம்னு எழுதியிருக்கான் பாரு. அன்னிக்கு காத்தால நான் பக்கத்த தொறந்து பாத்துடக் கூடாதுன்னு. எனக்கு மல்லிப்பூ எந்தக் கடையில பிடிக்கும்னு தெரிஞ்சவன், இதுவும் தெரிஞ்சுதான் வெச்சிருக்கான். நம்ப வெச்சு கழுத்தறுத்துட்டான்மா. நைனா போட்டோ மேல கைய வெச்சான்.

அந்த லேப்டாப்ப இப்டி நகத்து. கண்ட்ரோல் இசட், நான் மாத்துனதெல்லாம் பழையபடி ஆவட்டும். இன்னொரு தபா. இன்னும் ரெண்டு. தோ, மைனஸ் தொண்ணூறு வந்துடுச்சு. மேல ஏறிடுச்சா? ஏறட்டும்.

கோவம் உம்மேல இல்ல, நீ பயப்படாத. உன் வேலை போவக் கூடாது. எப்டின்னு காட்டிட்டேன், மூணே வரி, ஆபீஸ் போயி நீயே அடிச்சுக்கோ, ஒரு நிமிசத்துல வந்துடும். என் பேரு இருந்த எடத்த என் கையாலயே மூடிக் குடுக்க வாணாம்னு பாக்கறேன், அவ்ளோதான். காபிய குடி, ஆறிடப் போவுது.