மிச்சம் எண்பது கிலோ

— அப்ப நானும் ஒரு லோடுன்னு சொல்றியா தம்பி?

— எடைமேடைக்கு ஆளும் அலமாரியும் ஒண்ணுதான் சார். நீங்க ரெண்டு பேரும் வேனுக்குள்ள உக்காந்துக்கிட்டுதானே மேடையில ஏறினீங்க? அதான் லிஸ்ட்ல போட்டேன். சார் எண்பத்தி நாலு, டீச்சர் அம்பத்தஞ்சு.

— செருப்போட சேத்து எண்பத்தி நாலு. செருப்பு இல்லாம எண்பத்தி மூணுதான்.

— செருப்பு இல்லாமலா வரப் போறீங்க? விடுங்க. டேய் கடைசி பெஞ்சு, நீ மேல சொல்லு. மணி பன்னெண்டரை ஆச்சு. நாலு மணிக்குக் கிளம்பினாத்தான் நாளைக்கு இருட்டறதுக்குள்ள மலைக்கு மேல போய்ச் சேர முடியும். வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு பதினேழுக்கு சூரியன் முழுசா மறையுது. மூணு நிமிஷம் பதினோரு செகண்ட். நமக்காகக் காத்துக்கிட்டு நிக்காது.

— டீச்சர், எனக்கு நாப்பது வயசாச்சு. சொந்தமா பட்டறை வெச்சிருக்கேன். கஸ்டமர் முன்னாடி கடைசி பெஞ்சுன்னு கூப்பிடாதீங்க.

— கஸ்டமரே நான்தானே.

— சரிங்க. நான் சொல்லிடறேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது. கதவோரம் ஒரு தகடு ஒட்டியிருக்கு பாருங்க. வேன் மொத்தமா எவ்வளவு எடை தாங்கும்னு கம்பெனிக்காரன் அதுல போட்டிருக்கான். மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ. இப்ப எடைச்சீட்டுல வந்திருக்கறது நாலாயிரத்து நூத்தி முப்பது. இருநூத்தி முப்பது ஜாஸ்தி.

— சீட்டுல தப்பு இருக்கும். ஓவர்லோடு வண்டின்னா பின்னாடி குந்திக்கிட்டு, மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். இதைப் பாரு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிந்து நிக்குது.

— போன மாசம் பின் ஆக்ஸில் மேல காத்துப் பை வெக்கச் சொன்னது யாரு சார்?

— நான்தான். எதுக்கும் இருக்கட்டும்னு.

— காத்துப் பை வண்டியைத்தான் நிமித்தும். எடையைக் குறைக்காது. இடுப்புக்கு பெல்ட் கட்டிக்கிட்டு மூட்டை தூக்கற மாதிரி. மூட்டை அதே மூட்டைதான். பிரேக், டயர், ஆக்ஸில் எல்லாம் பழைய ஆளுங்கதான். அந்தப் பை இல்லாம இருந்திருந்தா வண்டி குந்தியிருக்கும், நானும் அன்னிக்கே பிடிச்சிருப்பேன். நேத்து ட்ரெய்லரை மாட்டிக்கிட்டுப் பாலத்து இறக்கத்துல இறங்கினோமே, அப்ப ஒரு வாடை வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— ஏதோ வீட்டுல பால் பொங்கி அடுப்புல வழிஞ்சிருக்குன்னு நெனச்சேன்.

— அது நம்ம பிரேக் சார்.

— இப்படியே போனா என்ன ஆகும்? நேரா சொல்லு.

— இறக்கத்துல பிரேக் பிடிக்கலைன்னா என்ன ஆகும்னு நீங்க எனக்குப் பாடமே எடுத்திருக்கீங்க டீச்சர். ஆனா அதுவரைக்கும் போகவே முடியாது. ட்ரெய்லர் இழுக்கற வண்டியை எல்லாம் மலை அடிவாரத்துல நிறுத்தி எடை போடறாங்க. தகட்டுல இருக்கறதுக்கு மேல ஒரு கிலோ இருந்தாலும் ஓரங்கட்டு, அவ்வளவுதான்.

— ஓரங்கட்டினா என்ன இப்ப? அங்கேயே நாற்காலி போட்டு உக்காந்து பாக்கலாமே. அடிவாரத்துலயும் அதே சூரியன்தானே?

— முழு நிழல் விழற எடம் அங்கேர்ந்து மலை ரோட்டுல இன்னும் நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளி. அடிவாரத்துல முழுசா மறையாதுங்க. தொண்ணூத்தாறு சதவீதம்தான்.

— தொண்ணூத்தாறு நல்ல மார்க்குதானே?

— கிரகணத்துல தொண்ணூத்தொம்பது வாங்கினாலும் ஃபெயில். துளி சூரியன் மிச்சம் இருந்தாக்கூட வானம் இருட்டாது. சுத்தி ஒரு வெள்ளி வளையம் எழும்பும், அது தெரியாது. முப்பது வருஷம் அந்த வளையத்தைக் கரும்பலகையில சாக்பீஸால வரைஞ்சவ நான். நேர்ல ஒரு தடவை பாத்தது கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்தப்ப என்ன ஆச்சு, நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க.

— பின்பக்கத்துக் கேமரா வந்து சேரலை. கேமரா இல்லாம எப்படி வண்டியை எடுக்கறது? அதான் டிவியில பாத்தோமே.

— பாத்தோம். வளையம் எழும்பற நேரத்துல ஒரு பெண் வந்து சோப்பு வித்துட்டுப் போனா. நான் இருட்டைப் பாக்கறதுக்குள்ள விளம்பரம் முடிஞ்சு வெளிச்சம் வந்துடுச்சு. இந்தத் தடவை விட்டா நம்ம பக்கம் அடுத்தது பதினெட்டு வருஷம் கழிச்சு. எனக்கு இப்ப அறுபத்தொண்ணு. கணக்கு நீங்களே போட்டுக்கங்க.

— கேமராதான் இப்ப வந்துடுச்சே சார். வந்தும் இன்னிக்கு மேடையில ட்ரெய்லரை ரிவர்ஸ்ல ஏத்தினது டீச்சர்தானே?

— எனக்குக் கழுத்து திரும்பாது தம்பி.

— கழுத்து திரும்பாதவங்களுக்குத்தான் சார் கேமரா.

— அவரை விடு. மூணு சனிக்கிழமை உன் பட்டறைக்குப் பின்னால நான் முன்னாடியும் பின்னாடியும் ஓட்டிப் பழகினது எதுக்கு? லிஸ்டைப் படி.

— படிக்கறேன். அலமாரி, நூத்தி நாப்பது கிலோ. முக்கால் இஞ்சுப் பலகையில பண்ணியிருக்கீங்க. வேனுக்குள்ள வெக்கறதுக்கு அரை இஞ்சே ஜாஸ்தி.

— மெல்லிசுப் பலகை ஆடும். முப்பத்திரண்டு வருஷம் ஃபேக்டரியில ஸ்டோர்ஸ் பாத்தவன் நான். ஒரு போல்ட் இல்லைன்னு ஒரு நாள் ஒரு மெஷின் நின்னது கிடையாது. தெரியுமா?

— மெஷினும் நிக்கலை, நீங்களும் ஸ்டோர்ஸை விட்டு நகரலை. கடைசி பெஞ்சு, அலமாரியைக் கழட்ட எவ்வளவு நேரமாகும்?

— ரெண்டு நாள். ஒயரிங் எல்லாம் அதுக்குள்ளதான் ஓடுது. அதுலதான் மூணு பேட்டரியும் உக்காந்திருக்கு. மூணாவது பேட்டரி எதுக்கு சார்?

— ரெண்டாவது போயிட்டா?

— அதைக் கேட்டிருக்கக் கூடாது நான். சரி, அலமாரியையும் பேட்டரியையும் இன்னிக்குத் தொட முடியாது. கழட்டக் கூடியதை மட்டும் பாப்போம். வாஷிங் மெஷின், இருபத்தாறு.

— போறது ரெண்டு நாள், வர்றது ரெண்டு நாள். எதுக்குங்க வாஷிங் மெஷின்?

— சின்ன மெஷின்தான். எதுக்கும் இருக்கட்டும்னு.

— இறக்கு. அடுத்தது?

— ஏணி, பதினாறு கிலோ.

— வேன் மேல ஏறிப் பாக்கணும்னா?

— மேல என்னங்க இருக்கு பாக்கறதுக்கு?

— ஏணி கட்டற கொக்கி இருக்கு. நல்லா இறுகியிருக்கான்னு பாக்கணுமில்ல.

— இறக்கு. ஏணி போனா கொக்கியைப் பாக்க வேண்டியதில்லை. அடுத்தது?

— இரும்புல ஒரு மெஷின். எட்டு கிலோ. மேல முள்ளு, கீழ தட்டு. இது என்னன்னு எனக்குப் புரியலை சார்.

— எடை பாக்கற மெஷின்.

— எதுக்கு சார்?

— ஓவர்லோடு ஆகாம பாத்துக்க.

— டீச்சர், நீங்க சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வந்துடும்.

— நான் சிரிக்கலை. மூச்சு வாங்கறேன். எவ்வளவு குறைஞ்சுது?

— அம்பது. இன்னும் நூத்தி எண்பது இருக்கு. தண்ணித் தொட்டி ரொம்பியிருக்கு, நூத்தி முப்பது லிட்டர். நூறு லிட்டரைத் திறந்து விட்டா நூறு கிலோ போச்சு. வழியெல்லாம் பெட்ரோல் பங்க்ல தண்ணி கிடைக்கும்.

— கிடைக்கலைன்னா?

— முப்பது லிட்டர் இருக்கேங்க. நாம ரெண்டு பேரு, நாலு யானை இல்லை. திறந்து விடுடா.

— விட்டாச்சு. மிச்சம் எண்பது கிலோ. இந்த எண்பதுதான் இப்ப நமக்கும் மலைக்கும் நடுவுல நிக்குது. சொல்லட்டுமா சார், கோபப்பட மாட்டீங்களே? அந்தப் பச்சைப் பெட்டி.

— எந்தப் பச்சைப் பெட்டி?

— ஒரே ஒரு பச்சைப் பெட்டிதானே சார் இருக்கு. எண்பத்தஞ்சு கிலோ. உள்ள ஆல்டர்னேட்டர் ஒண்ணு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஒண்ணு, வாட்டர் பம்ப், பெல்ட் நாலு, பிரேக் டிஸ்க் ரெண்டு, இன்ஜெக்டர் ஒரு செட்டு. வேனுக்குள்ள இன்னொரு வேனை மடிச்சு வெச்சிருக்கீங்க. அதை இறக்கிட்டா வேலை முடிஞ்சுது. அஞ்சு கிலோ மிச்சமே வரும்.

— அது மட்டும் நடக்காது.

— எல்லாம் புதுசா மாத்தியிருக்கேன் சார். கியர் ஆயில்கூட போன வாரம்தான் மாத்தினேன். ஒண்ணும் ஆகாது.

— ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ற மெக்கானிக்கை நான் நிறையப் பாத்துட்டேன் தம்பி. ஒண்ணு பண்ணலாம். ரெண்டு வாரம் டைம் எடுத்துக்க. அரை இஞ்சுப் பலகையில புது அலமாரி பண்ணு. நிதானமாக் கிளம்பலாம்.

— ரெண்டு வாரம் கழிச்சுக் கிளம்பி எதைங்க பாக்கறது? மலையையா?

— மலையும் நல்லாத்தானே இருக்கும். சரி, இன்னொரு வழி சொல்றேன், கேளு. ட்ரெய்லர்ல உன் டெலஸ்கோப் இருக்கே, அதுவே எழுபது கிலோ. அதை இறக்கி வெச்சுட்டுப் போலாம். அதுக்குன்னு விக்கற கறுப்புக் கண்ணாடி போட்டாலே கிரகணம் தெரியுமாமே. என்ன, அப்படிப் பாக்கறே?

— இந்த வேனை எதுக்கு வாங்கினோம்?

— டெலஸ்கோப் கொண்டு போறதுக்கு.

— ட்ரெய்லரை எதுக்கு வாங்கினோம்?

— வேன்ல சாமான் ரொம்பிடுச்சு. டெலஸ்கோப்புக்கு இடம் இல்லாம போச்சு.

— இப்ப டெலஸ்கோப்பை வீட்டுல வெச்சுட்டு, ட்ரெய்லரையும் வேனையும் ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்றீங்க. அதுல இருக்கற கண்ணாடியை ரெண்டு வருஷம் கையால தேச்சேங்க நான். கண்ணாடித் தூள் விரல் இடுக்குல இன்னும் இருக்கு. கடைசி பெஞ்சு, இவருக்கு நீயே சொல்லு. டெலஸ்கோப்பை எடுத்தா வேன்ல எவ்வளவு குறையும்?

— ஏழு கிலோ டீச்சர். ட்ரெய்லரோட எடையை அதோட சக்கரமே தாங்கிக்குது. கொக்கி வழியா வேன் மேல வர்றது பத்துல ஒரு பங்குதான். எழுபது எடுத்தா ஏழு.

— உக்காரு. அன்னிக்கு இதைச் சொல்லியிருந்தா பாஸ் போட்டிருப்பேன்.

— அப்ப பெட்டியைத் தூக்கி ட்ரெய்லர்ல வெச்சுடு தம்பி. பத்துல ஒரு பங்குதானே.

— ட்ரெய்லருக்கும் ஒரு தகடு இருக்கு சார். உங்க தார்ப்பாய், கயிறு, ரெண்டாவது ஜாக், மடக்குக் கட்டில் எல்லாம் ஏத்தி நேத்தே கோட்டைத் தொட்டாச்சு. மடக்குக் கட்டிலை எடுத்துட்டு அந்த இடத்துல...

— கட்டில்லதான் நான் படுக்கணும். வேன் மெத்தை எனக்கு முதுகுக்கு ஒத்துக்காது.

— சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு வருஷமா இந்த வண்டியைப் பாக்கறேன். எப்ப ரெடி ஆனாலும் அடுத்த நாள் நீங்க ஒரு சாமானோட வந்து நிக்கறீங்க. உங்களுக்கு நெஜமாவே போகணும்னு இருக்கா?

— போகணும்னு இல்லாமலா இத்தனையும் பண்ணினேன்? ஒரு எடத்துக்குக் கிளம்பறோம்னா என்னென்ன நடக்கலாம்னு யோசிக்க வேண்டாமா? நடு ரோட்டுல பெல்ட் அறுந்து போச்சு, பக்கத்துல ஒரு கடை கிடையாது. என்ன பண்ணுவே? வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பியா?

— நான் போறதே அதுக்குத்தாங்க.

— விளையாடாதே. அந்தப் பெட்டியில ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் போட்டு லேபிள் ஒட்டியிருக்கேன். எந்த ஸ்பேனர், எத்தனை சுத்து, முதல்ல எதைக் கழட்டணும், எல்லாம் ஒரு நோட்டுல படம் போட்டு எழுதி மூடிக்குள்ள செருகியிருக்கேன். ஒண்ணும் தெரியாதவங்க பாத்தாக்கூட மாத்திடலாம். எனக்கே நெஞ்சு வலி வந்து படுத்துட்டாலும் வண்டி நிக்கக் கூடாது பாரு. நான் இல்லைன்னாலும் ஓடணும். அதுதான் ஸ்டோர்ஸ்.

— படம் போட்டா எழுதியிருக்கீங்க?

— கலர் பென்சில்ல.

— நானே பாத்து மாத்திடலாமா?

— தாராளமா. உனக்குன்னு நெனச்சுத்தான் எழுதினேன்.

— டீச்சர், மணி ஒண்ணரை. பெட்டியை இறக்கச் சொல்லட்டுமா, வேண்டாமா? நாலுக்குக் கிளம்பணும்னா பிரேக் பேடை நான் இப்பவே மாத்த ஆரம்பிக்கணும்.

— தம்பி, கேட்டுக்க. நீயும் கேட்டுக்கம்மா. இது என் கடைசி வார்த்தை. அந்தப் பெட்டி இறங்கினா நான் இந்த வண்டியில ஏற மாட்டேன். என்ன ஆனாலும் சரி, பெட்டி இருந்தே ஆகணும்.

— சார் இப்படிச் சொன்னா எப்படி? டீச்சர், நீங்களாவது ஏதாவது சொல்லுங்க. ஏன் அந்த லிஸ்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?

— அவர் சொல்றது சரிதான்டா. ரொம்ப நல்ல பெட்டி அது. பெட்டி இருக்கட்டும்.

— பாத்தியா தம்பி? முப்பத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா ஒத்துக்கிட்டா.

— ஒத்துக்கிட்டேன். கடைசி பெஞ்சு, குறைய வேண்டியது எவ்வளவுன்னு சொன்னே?

— எண்பது.

— முதல் வரியில சாருக்கு என்ன போட்டிருக்கே?

— எண்பத்தி நாலு. டீச்சர்...

— செருப்போட. சரியா வந்துடுச்சு. நீ போய் பேடை மாத்து, நாலு மணிக்குச் சாவியை என் கையில குடு. என்னங்க, நீங்க எதுக்கும் வீட்டுலயே இருங்க. டிவியில காட்டுவாங்க.