அரக்கு ஆறுவதற்குள்

சித்திரை வெயிலில் அரக்கு சீக்கிரம் இறுகாது ஐயா. ஐப்பசி மழையில் தீக்குச்சியே பற்றாது. மார்கழிதான் சீல் வைக்கத் தோதான மாதம். பத்தொன்பது வருடமாக நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் அலுவலக உதவியாளன் நான். ஆய்வாளர் கையெழுத்துப் போடுவார். பூட்டின்மேல் துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி, ஆறுவதற்குள் பித்தளை முத்திரையைக் குத்துவது என் வேலை. நான் வைத்த சீல் ஒன்றுகூடத் தானாக விட்டதில்லை.

நீங்கள் கேட்டதால் வரிசையாகவே சொல்கிறேன்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சுரேஷ்குமாரின் வீட்டில் நானும் என் மனைவி கஸ்தூரியும் எட்டு வருடம் குடியிருந்தோம். அங்கே ஒரு நடைமுறை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இரண்டு நாள் நாங்கள் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். கிரிவலம் வருகிறவர்களுக்கு அதை அறையாக விடுவான். எங்கள் பாயில் யாரோ படுப்பார்கள், எங்கள் சொம்பில் யாரோ தண்ணீர் குடிப்பார்கள், நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு வாசலிலாவது போய் நிற்போம். கேட்டால், "இஷ்டம் இல்லன்னா வேற வீடு பாத்துக்கோ வளவா" என்பான். மலையைச் சுற்றுகிறவனுக்குப் புண்ணியம், வீட்டுக்காரனுக்கு வரும்படி, குடியிருக்கிறவனுக்குத் தெரு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கஸ்தூரிக்கு வீசிங் உண்டு. கார்த்திகை தீபத்தன்று காலையில் சுரேஷ்குமார் கதவண்டை நின்று விரட்டிய விரட்டில், அவள் மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்கிற மெஷினை அலமாரி மேலேயே விட்டுவிட்டோம். மலையில் தீபம் ஏற்றுகிற நேரத்துக்கு அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. நான் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. சுரேஷ்குமார் வாசலில் நின்றிருந்தான்.

"சாவி ரூமுக்கு வந்தவங்க கையில இருக்கு. கிரிவலம் போயிருக்காங்க. வந்ததும் எடுத்துக்கோ."

"பூட்டை ஒடைச்சிடறேங்க. அவளுக்கு மூச்சு வுட முடியல."

"அடுத்தவங்க பொருள் உள்ள இருக்கு. ஒடைக்கிறதெல்லாம் தப்பு வளவா."

பதினான்கு கிலோமீட்டர் சுற்றிவிட்டு அவர்கள் வரவேண்டும். தீபத்தன்று சாலையில் வண்டி விட மாட்டார்கள். எதிர்ப் போர்ஷனில் குடியிருந்த முன்னி பேகம், தையல் வேலை செய்கிறவள், அவளும் எங்களைப் போலவே அன்றைக்கு வெளியே நின்றவள்தான், கஸ்தூரியின் முதுகைத் தடவிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு கூடவே வந்தாள். ஆஸ்பத்திரி விளக்கு தெரிகிற தூரத்தில் கஸ்தூரி போய்விட்டாள். அவள் கண்ணை மூடிவிட்டதும் முன்னிதான்.

காரியம் முடிந்ததும் மனு எழுதினேன். பௌர்ணமி என்று சொல்லி குடியிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது என்று மன்றம் தீர்மானம் போட வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். எங்கள் வார்டு கவுன்சிலர் வல்லரசு அதைக் கூட்டத்தில் வைத்தார். அன்றைக்கு டீயும் வடையும் கொடுத்தது நான்தான் ஐயா. "இது ஓனருக்கும் குடித்தனக்காரனுக்கும் நடுவுல இருக்கிற விஷயம், ஒத்திவைக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள், மேசையைத் தட்டினார்கள். கடைசி நாற்காலிக்கு நான் வடை கொண்டு போவதற்குள் என் மனைவியின் சாவு ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. தட்டை அவர்கள் முகத்தில் வீசியிருக்கலாம். நான் சட்னி ஊற்றினேன்.

வெளியே வந்து வல்லரசு என் தோளில் கை போட்டார். "கோச்சுக்காத வளவா. நம்ம வார்டுல ஓனருங்க ஜாஸ்திப்பா."

அடுத்த தீர்மானம் இரண்டே நிமிடத்தில் நிறைவேறியது. அனுமதி இல்லாமல் கட்டிய மாடி அறைகளுக்கு, சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் சீல் வைக்க வேண்டும். பெரிய லாட்ஜ்காரர்களுக்கு அது தேவைப்பட்டது. பட்டியலை நகல் எடுத்தது நான். ஒன்பதாவது வரியில் சுரேஷ்குமாரின் மொட்டைமாடித் தகர அறை இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒரு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் சீல் வைக்கக் கூடாது. வீட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். நாங்கள் வருகிற நாள் பார்த்து யாரையாவது உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். நாங்கள் அதை எழுதிக்கொண்டு திரும்புவோம். அப்புறம் பௌர்ணமி போய்விடும், மன்றம் மறந்துவிடும்.

அந்த வீட்டின் முறை பௌர்ணமியன்று காலைக்குத்தான் வந்தது. கத்திரி வெயில். மின்சாரக்காரர் ப்யூசைப் பிடுங்கினார். ஆய்வாளருக்கு முழங்கால் வலி. இரும்புப் படியோ செங்குத்து. "மேல போய்ப் பாத்து சீல் வெச்சிட்டு வந்துருப்பா" என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டப் போய்விட்டார். நான் ஏறினேன். மூன்று முறை தட்டினேன். பூட்டுப் போட்டுச் சீல் வைத்தேன். உள்ளே ஆள் இல்லை என்று கீழே வந்து சொன்னேன். மகஜரிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்து.

மறுநாள் முன்னி பேகத்தைக் காணவில்லை என்று அவள் தங்கை வந்து அழுத பிறகுதான் கதவைத் திறந்தார்கள். உயிர் இல்லை. சுரேஷ்குமார்தான் அவளை உள்ளே உட்கார வைத்திருக்கிறான். 'ஒரு மணி நேரம் இரு, இனிமேல் பௌர்ணமிக்கு நீ காலி செய்ய வேண்டாம்' என்று ஆசை காட்டியிருக்கிறான். வேறு வீடு கிடைக்காத பெண்ணுக்கு அது பெரிய வரம்தானே. அவள் போன் கீழ்வீட்டிலேயே கிடந்தது. தகரக் கூரை, ஜன்னல் கிடையாது, மின்விசிறி ஓடாது. சீலை எடுக்கச் சொல்லி அவன் வல்லரசு வீட்டு வாசலில் கிடந்தானாம். நாங்கள் வந்தபோதே அவள் இறங்கியிருப்பாள் என்று நினைத்தானாம். பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். "சாயங்காலம் வரைக்கும் தட்டுற சத்தம் கேட்டுச்சு சார். சீல் வெச்ச கதவு, கவர்மெண்ட் விஷயம், நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டோம்." எவ்வளவு நல்ல ஊர் பாருங்கள்.

சுரேஷ்குமாரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவனுக்கு என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் நான் தட்டியபோது பதில் வந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். வந்தது.

"யாரு, வளவண்ணாவா? உள்ள ஆள் இருக்கேன்ணா."

அது மூன்றாவது தட்டுக்கு. அதற்குள் பூட்டில் துணியைச் சுற்றியாகிவிட்டது. அரக்கு சொட்ட ஆரம்பித்திருந்தது. இறங்கிப்போய்ச் சொன்னால் இதுவும் ஒத்திவைக்கப்படும். வாழ்நாளில் ஒரு தீர்மானமாவது அந்த வீட்டில் நிறைவேற வேண்டும் என்று நினைத்தேன். அவள்மேல் எனக்குக் கோபமும் வந்தது. கஸ்தூரி செத்ததைக் கண்ணால் பார்த்தவள், அவனுக்காகப் போய் உட்காரலாமா?

"அரை மணி நேரம் பொறுத்துக்க முன்னி. சார் போனதும் வந்து தொறக்கறேன். சத்தம் மட்டும் போடாத."

"சரிண்ணா" என்றாள். என்னை நம்பினாள். அதனால்தான் நாங்கள் கிளம்பிப் போகும்போது ஒரு குரலும் கேட்கவில்லை.

போகாமல் இல்லை ஐயா. நான்கு மணிக்குப் போனேன். கிரிவலக் கூட்டம் தெருமுனைவரை வந்துவிட்டது, ஒலிபெருக்கியில் பாட்டு. படிக்குக் கீழே நின்றேன். மேலே தட்டுகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. சாவி என் பையில்தான் இருந்தது. ஆனால் சீலை உடைப்பதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். வைக்கத்தான் என்னை அனுப்பினார்கள், எடுக்க அனுப்பவில்லை. பத்தொன்பது வருட சர்வீஸில் சட்டத்தை மீறி நான் ஒரு காரியமும் செய்ததில்லை ஐயா.