கம்பவுண்டர் வேஷம்

சிரிப்பு என்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர். முதலில் அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். லஷ்கர் மொஹல்லா முழுக்க என்னை உம்மணாமூஞ்சி என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? சிரிப்பதற்கும் பல்லைக் காட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம் அது.

எந்தத் தமிழ் நாடகக் கம்பெனி மைசூருக்கு வந்தாலும் முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. பகலில் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டர் மதலைமுத்து, சாயங்காலமானால் கொட்டகையில் உட்கார்ந்து பபூன்களை எடைபோடுகிறவன். ராஜபார்ட்டின் பாட்டு எனக்கு வேண்டாம், ஸ்திரீபார்ட்டின் ஒப்பாரியும் வேண்டாம். பபூன் வரும்போதுதான் நிமிர்ந்து உட்காருவேன். பெரும்பாலும் உடனே சாய்ந்தும்விடுவேன்.

நீங்கள் சித்தையன் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன். மற்ற பபூன்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவன் அருமை உங்களுக்கு விளங்காது.

காளிதாஸ் என்று ஒருவன். பெரிய பேர். அவனைப் பார்க்க நஞ்சன்கூடு வரை ரயிலேறிப் போனேன். தான் சொல்லப்போகும் ஹாஸ்யத்துக்குத் தானே முதலில் சிரித்துவிடுவான். அவன் சிரிப்பதைப் பார்த்து ஜனம் சிரிக்கும், ஜனம் சிரிப்பதைப் பார்த்து அவன் மறுபடி சிரிப்பான். அன்றைக்கு மழை. கீற்று ஒழுகி அவன் உச்சந்தலையில் சொட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான். அதில் அவன் உழைப்பு ஒன்றும் இல்லை.

ஜடையன் என்று இன்னொருவன், வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு வருவான். அந்தத் தலையணைக்காகத்தான் அவனுக்குச் சம்பளம். ஒரு நாள் முடிச்சு அவிழ்ந்து அது கீழே விழுந்தது. அதற்கப்புறம் மேடையில் தலையணைதான் நன்றாக நடித்தது. மற்றவர்களைப் பற்றிச் சொல்லி உங்கள் மையை வீணாக்க விரும்பவில்லை. மாமியார் வேஷம் கட்டி இடுப்பை ஆட்டுகிறவன், செவிடன் வேஷம் போட்டுக் கத்துகிறவன், எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவர்கள்.

இந்தக் குப்பையில் சித்தையன் ஒருவன்தான் கலைஞன். கொள்ளேகால் பக்கத்து ஆள். ஒல்லியாக, வழி தெரியாமல் மேடைக்கு வந்துவிட்டவன் போலத்தான் நுழைவான். அரண்மனைக் காட்சி ஒன்று. இளவரசன் இறந்துவிட்டான், ராஜா, ராணி, மந்திரி எல்லோரும் அழுகிறார்கள். சித்தையன் சமையற்கட்டு ஆள். உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறான். அழுகை ஓயட்டும் என்று கை கட்டி நிற்பான். ஓயும், வாயைத் திறப்பான், மறுபடி ராணி ஆரம்பித்துவிடுவாள். கடைசியில் அவனும் மெதுவாக அழ ஆரம்பிப்பான். இளவரசனுக்காக அல்ல, உப்புக்காக. வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அது எனக்குப் புரிந்த நிமிஷத்தில் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜனமும் சிரித்தது. எதற்கு? அவன் மூக்கைச் சிந்தினானே, அதற்கு.

இந்தத் தசராவுக்கு அவனுடைய கம்பெனி வந்து கொட்டகை போட்டதும், தொண்டை கட்டிவிட்டது என்று சித்தையன் என் டிஸ்பென்சரிக்கே வந்தான். காசு வாங்காமல் மருந்து கொடுத்தேன். உட்காரவைத்து, அவன் நடிப்பில் எது உயர்வு, எதை விட்டுவிட வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். இப்படிச் சொல்ல அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவனும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். நான் பேசும்போது என் வாயைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்தான். அது மரியாதை என்று நினைத்தேன்.

பபூன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். புது ஊருக்கு வந்தால் பகலில் கடைத்தெருவைச் சுற்றிவருவார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த யாராவது ஒருவரைக் கண்ணில் போட்டுக்கொள்வார்கள். அன்று சாயங்காலம் மேடையில் அவரைப் போலவே நடந்து, பேசிக் காட்டுவார்கள். ஆளைப் பிடிப்பது என்பார்கள் அதற்கு. பிடிபட்டவரும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு மறுநாள் பபூனுக்குப் பழமும் துண்டும் அனுப்புவார். அவ்வளவு கேவலமான ரசனை.

சித்தையன் என்னைப் பிடித்தான்.

அன்று காட்டு வைத்தியர் காட்சியில் அவன் கம்பவுண்டராக வந்தான். மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். நோயாளி இருமினால், அவன் சரியாக இருமவில்லை என்று முகத்தைச் சுளித்தான். போன வருஷம் வந்த இருமலே இதைவிட உசத்தி என்றான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு, செத்துக்கொண்டிருக்கும் நோயாளியைப் பார்த்து, போனால் போகிறது என்று ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினான். கொட்டகை முழுக்க என் பக்கம் திரும்பியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அப்படி வந்ததென்றால் அது கலையின் பேரில் வந்த கோபம். உப்புக்கு அழுத மனுஷன் இப்படிக் கீழே இறங்கிவிட்டானே என்று வருத்தப்பட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பூக்காரி பசம்மா கூடையை இறக்கிவைத்து, "நேத்து நாடகத்துல நீங்கதானாமே ராஜா, கம்பவுண்டர்ரே" என்றாள். மருந்துக்கு வந்தவர்களெல்லாம் நான் புட்டியைத் தூக்கும்போது என் முகத்தையே பார்த்தார்கள். ஒரு கிழவர் வேண்டுமென்றே இருமிக் காட்டி, "இது பரவால்லையா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் இந்தக் கையால் மருந்து குடித்துப் பிழைத்த ஜனம்தான் இது. நான் வெளிச்சத்தில் பார்க்காமலே மருந்து கொடுக்க ஆரம்பித்தேன்.

மத்தியானம் சித்தையனே வந்தான், ஒரு சீப்பு ரசபாளை வாழைப்பழத்தோடு. முறைப்படி நான் அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை, அதனால் அவன் கொண்டுவந்திருந்தான்.

"ஏனுங்கய்யா, கோவமுங்களா?"

"கோபம் எதற்கு?" என்றேன்.

"பெரிய மனுசரத்தானுங்க புடிக்கிறது. உங்களயாட்டம் ஆட்டம் பாக்கறவங்க இந்தச் சீமையிலயே இல்லீங்க. உங்க ஒரு தலையாட்டுக்குத்தானுங்க நான் அத்தனை பாடுபடறது."

புகழ்ந்தால் நான் மயங்கிவிடுவேன் என்று நினைத்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான். காட்சி ஜனங்களுக்குப் பிடித்துப்போனதால் முதலாளி அதைத் தினமும் வைக்கச் சொல்லிவிட்டாராம். கம்பவுண்டர் தன் மருந்தைத் தானே குடித்துப் பார்த்துத் துடித்து விழுவதாகக் காட்சியை நீட்டியிருக்கிறார்களாம். கம்பெனியில் இருப்பது பழைய சாராயப் புட்டி, ஜனம் நம்பாது. "உங்க புட்டி ஒண்ணு, செவப்புத் தண்ணி ஊத்திக் குடுத்தீங்கன்னா நெசமா இருக்குமுங்க."

கொடுத்தேன். சாயம் போட்ட சர்க்கரைத் தண்ணீர், டிஸ்பென்சரிப் புட்டியில், அளவுக் கோடு வெட்டிய காகிதம் ஒட்டி. தினமும் சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து வாங்கிப்போவான். தினமும் நானும் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். போகாமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்களே. தினமும் சித்தையன் என் புட்டியைத் தூக்கி, ஒரு முடக்குக் குடித்து, கண் செருகி, கை கால் இழுத்து, கடைசியில் ஒரு கையால் புட்டியை மட்டும் பத்திரமாகத் தரையில் நிறுத்திவிட்டு விழுவான். அந்தக் கடைசிச் செயல் மட்டும் நன்றாக இருந்தது. உடனே ஜனம் "ஒன்ஸ் மோர்" என்று கத்தும்.

இந்த ஒன்ஸ் மோர் ஒரு வியாதி, இன்ஸ்பெக்டர். செத்த அரிச்சந்திரன் மகனையே எழுப்பிப் பாடவைத்துத் திரும்பச் சாகச்சொல்கிற ஜனம் இது. கேட்டுவிட்டால் நடிகன் மறுக்க முடியாது. மறுத்தால் நாற்காலி பறக்கும். சித்தையன் எழுந்திருப்பான், திரும்பக் குடிப்பான், திரும்ப விழுவான். மறுபடி ஒன்ஸ் மோர். புட்டி காலியாகும்வரை விடமாட்டார்கள். என் ஆயுளில் நான் எந்த நடிகனையும் ஒன்ஸ் மோர் கேட்டதில்லை. ஒரு தடவை பார்த்துப் புரிந்துகொள்ளாதவன்தான் இன்னொரு தடவை கேட்பான்.

இப்படியே போனால் அவன் என்ன ஆவான் என்று யோசித்துப் பார்த்தேன். தலையணை கட்டிக்கொள்வான். காளிதாஸைப் போலத் தனக்குத்தானே சிரிப்பான். அவனை அவனிடமிருந்து காப்பாற்ற ஒருவராவது வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை புட்டியில் சர்க்கரைத் தண்ணீரோடு வேறொன்றையும் கலந்தேன். என்னவென்று உங்கள் டாக்டர் தாமதமாகவாவது கண்டுபிடித்து எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் சொல்லவேண்டியதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முடக்கில் ஆள் சாக மாட்டான். வயிற்றைப் புரட்டும், மேடையிலேயே வாந்தி எடுப்பான், அந்தக் காட்சி அதோடு ஒழியும். ஒரு முடக்குக்கு அளந்துதான் கலந்தேன். அளவு தெரியாமல் கலக்க நான் காட்டு வைத்தியன் அல்ல. அதற்கு மேல் குடிக்கச் சொன்னது ஜனம். முதல் தடவை விழுந்தபோது அவன் நடித்தான். அடுத்த தடவை விழுந்து எழுந்தபோது நெற்றியில் வியர்வை. முகம் கோணியது. கொட்டகை இரண்டுபட்டது, இப்படி ஒரு நாளும் செய்ததில்லை என்று பின்வரிசை பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தியது. அவன் புட்டியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் ஜனம் கேட்கிறதே. குடித்தான். அந்தத் தடவை புட்டியைத் தரையில் நிறுத்தவில்லை. அது உருண்டு விளக்குப் பக்கம் போனது. அவன் தரையில் கிடந்து துடித்ததற்கு மறுபடியும் ஒன்ஸ் மோர் கேட்டார்கள். திரை விழுந்த பிறகும் கேட்டார்கள். இந்த மூளைகெட்ட கூட்டத்தை விட்டுவிட்டு என் ஒருவனை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள்.

உங்கள் ஜமேதார் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். சொல்லட்டும். அவரும் அன்று கொட்டகையில் காவலுக்கு நின்றார், எனக்குத் தெரியும்.

ஆமாம். அவர் சொல்வது சரி. வெள்ளிக்கிழமை முதல் தடவை அவன் விழுந்தபோது கூட்டம் கை தட்டியதோடு நின்றுவிட்டது. தினமும் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கலாம். ராஜபார்ட் அடுத்த காட்சிக்கு உள்ளே கனைத்துக்கொண்டிருந்தான். சித்தையன் எழுந்து தூசியைத் தட்டினான். அப்போது முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்று ஒன்ஸ் மோர் என்றார். கம்பவுண்டரே கேட்கிறார் என்றதும் கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டது. சித்தையன் என்னைப் பார்த்துக் கை கூப்பினான். சந்தோஷத்தில் அவன் கண் கலங்கியிருந்தது. பிறகு குடித்தான்.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் மனைவி மெட்டில்டாவைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள்? அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஜனமெல்லாம் கை தட்டும்போது, "ஐயோ, அவர் நடிக்கலைங்க, நெஜம்மா சாகறாரு" என்று மேடையைப் பார்த்து ஓடியவள் அவள்தான். உங்களிடம் வந்து புட்டியைப் பற்றிச் சொன்னதும் அவளாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அவளுக்கு நாடகம் பிடிக்காது. நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போவேன். சாந்தமான பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வீட்டில் அவள் சத்தம்போட்டுச் சிரித்ததில்லை.

சித்தையன் என்னைப் பிடித்த அன்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் அடைத்தும் அடங்காத சிரிப்பு. யாரடா என்று திரும்பினேன். அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து, "அதில் சிரிக்க என்ன இருந்தது?" என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. அப்படியே நீங்கதான்" என்றாள்.

நானா? அவன் என்னை எங்கே செய்தான்? நான் மூடுவது இடது கண், அவன் வலது கண்ணை மூடினான். அதனால் அடுத்த நாள் அவளை உட்காரவைத்து, புட்டியைத் தூக்கி, கண்ணை மூடி, கையைக் கட்டி, தலையை ஒரு தடவை ஆட்டி, ஒவ்வொன்றாக நானே செய்து காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் செய்தேன். அழுதாள். வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்தேன், எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் தப்பாகச் செய்ததற்கு அப்படிச் சிரித்தவள், நானே என்னைச் சரியாகச் செய்துகாட்டினால் அழுகிறாள் என்றால், அவளுக்கு ரசனை இல்லை என்றுதானே அர்த்தம்?

உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன், இன்ஸ்பெக்டர். இந்த மேஜையைக் கொஞ்சம் ஒதுக்கிப் போடச் சொல்லுங்கள். அந்த மைக்கூட்டை இப்படிக் கொடுங்கள், புட்டியாக வைத்துக்கொள்கிறேன். விலங்கு இருந்தால் கையைக் கட்ட முடியாது, அதை மட்டும் கழற்றுங்கள். ஜமேதாரும் கிட்டே வந்து நிற்கட்டும். முழுக்கப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், யார் செய்தது நன்றாக இருக்கிறது என்று.